பூசப்படாத உலோகம்

அளவில் சிறுத்த மாதிரி விமானங்களைச் செய்வோர் அனைவரும் ஒப்புக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாகப் பூசிய போர் விமானத்தை, ஓரளவு கை பழகிய எவரும் நம்பத்தக்க விதத்தில் செய்துவிடலாம். எந்த வண்ணமும் பூசாமல், அலுமினியத் தகடு அப்படியே வெளித்தெரியப் பறந்த விமானத்தைச் செய்வதுதான் கடினம். உண்மையான விமானத்தில் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதால் வந்த தோற்றம் அது. பிளாஸ்டிக் மாதிரியில் அதைக் கொண்டுவரப் பல வாரங்கள் உழைக்க வேண்டியிருக்கிறது.

இது வெறும் கைத்திறனின் சிக்கல் என்றுதான் முதலில் தோன்றும். சற்று உள்ளே போனால், எந்த விமானம், எந்த ஆண்டில், எதற்காகப் பூசப்படாமல் விடப்பட்டது என்று தெரியாமல் அந்த வெள்ளியைச் சரியாக வைக்க முடியாது என்பது விளங்கும். தூரிகையை எடுக்கும் முன் வரலாற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது.

உலோகத்திலிருந்தே தொடங்கலாம். தூய அலுமினியம் மென்மையானது, விமானத்தைத் தாங்காது. 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்னும் உலோகவியலாளர், சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்தால், அது அடுத்த சில நாட்களில் தானாகவே கடினமாகிறது என்று கண்டார். டியூராலுமின் பிறந்தது அப்படித்தான். ஆனால் அதற்கொரு குறை இருந்தது. வலிமை கூடிய கலவை, தூய அலுமினியத்தைவிட விரைவாக அரிக்கப்பட்டது. 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. கலவைத் தகட்டின் இரு புறமும் தூய அலுமினியப் படலம் ஒன்றைச் சேர்த்து உருட்டி, ஒரே தகடாக்கினார்கள். அதன் பெயர் ஆல்கிளாட். மெல்லிய தகடுகளில் அந்தப் படலம் ஒவ்வொரு புறமும் மொத்தத் தடிமனில் ஏறத்தாழ 20-இல் ஒரு பங்கு.

ஆக, பூசப்படாத விமானம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதன் வெளித்தோலும் ஒரு வகையில் பூச்சுதான். விமானத்தைத் தாங்குவது உள்ளிருக்கும் கலவை; கண்ணுக்குத் தெரிவது மேலே போர்த்திய மென்மையான உலோகம். எல்லாப் பாகங்களுக்கும் அந்தப் போர்வை கிடையாது. வார்ப்புகளும் அடித்து உருவாக்கிய பாகங்களும் வேறு நிறம் காட்டும். புகைபோக்கியை ஒட்டிய தகடுகள் துருப்பிடிக்கா எஃகு. வெப்பத்தில் அவை பழுப்பும் நீலமும் ஏறிப்போகும். துணி போர்த்திய வால்சுக்கானில் அலுமினியப் பொடி கலந்த பூச்சு இருக்கும். அருகருகே உள்ள இரண்டு தகடுகள்கூட, உருளையில் உருண்ட திசை வேறானால், ஒரே வெயிலில் ஒன்று வெளுத்தும் மற்றொன்று கருத்தும் தோன்றும். ஒரே விமானத்தில் எட்டுப் பத்து வெள்ளிகள். மாதிரி செய்பவர் ஒரே குப்பியைத் திறந்து முழுவதும் அடித்துவிட்டால், விமானம் பொம்மையாகிவிடுவது இதனால்தான்.

மாதிரிக் கலையின் தொடக்கத்தில் இந்தக் கவலையே எழவில்லை. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானத்தையும் தன் விமானத்தையும் வீரர்கள் பிரித்தறியப் பழகுவதற்காக, பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மரமாதிரிகளைக் கேட்டது. 72-இல் ஒரு பங்கு அளவு. அந்த அளவுள்ள மாதிரியை 35 அடி தள்ளி வைத்தால், உண்மையான விமானத்தை ஏறத்தாழ அரை மைலுக்கு அப்பால் காண்பதற்குச் சமம். அவற்றுக்கு அடிக்கப்பட்ட நிறம் கறுப்பு. வானத்தில் தெரியும் நிழலுருவம் மட்டுமே அங்கே வேண்டியிருந்தது. தோலைப் பற்றி எவருக்கும் கவலையில்லை.

போருக்குப் பின் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்தன. குப்பியில் வெள்ளிப் பெயிண்டும் வந்தது. அது ஏன் உலோகமாகத் தோன்றவில்லை என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். வெள்ளிப் பெயிண்ட் என்பது எண்ணெய்ப் பசையில் மிதக்கும் அலுமினியத் துகள்கள். ஒரு துகளின் அகலம் 20 மைக்ரான் என்று கொள்வோம். 72-இல் ஒரு பங்கு மாதிரியின் மீது அது கிடக்கும்போது, உண்மையான விமானத்தின் மீது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அகலத் துகள் கிடப்பதற்கு ஒப்பாகும். விமானம் முழுதும் பொடிக் கல்கண்டு தூவியதுபோல. நாம் எல்லாவற்றையும் சுருக்கலாம்; ஒளியையும் துகளையும் சுருக்க முடியாது.

இதற்கு மிக எளிய மாற்று சமையலறையில் இருந்தது. உணவு பொதியும் அலுமினியத் தாளின் தடிமன் சுமார் 16 மைக்ரான். 48-இல் ஒரு பங்கு மாதிரியில் ஒட்டினால் அது முக்கால் மில்லிமீட்டர் தகடாகக் கணக்காகிறது. போர்க்கால விமானங்களின் தோல்தகடு பல இடங்களில் ஏறத்தாழ அதே தடிமன்தான். தாளைத் துண்டு துண்டாக வெட்டி, மெல்லிய பசை தடவி, உண்மையான விமானத்தின் தகடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றனவோ அங்கேயே தொடங்கி முடித்து, பஞ்சால் அழுத்தித் தேய்த்து, கூரிய பிளேடால் ஓரம் நறுக்குவார்கள். பிறகு நுண்ணிய எஃகுப் பஞ்சால் ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு திசையில் தேய்ப்பார்கள். விமானத்தின் மூக்கைப்போல் இருபுறமும் வளைந்த இடத்தில் தாள் சுருங்கி மடியும்; தொழிற்சாலையில் தகட்டை இழுத்து வளைத்தவர்கள் பட்ட பாடு அப்போது புரியும். நிறம் மாற்ற அந்தத் தாளை வெந்நீரில் கொதிக்கவைப்பதும் உண்டு. அலுமினியப் பாத்திரத்தில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் உட்புறம் கருப்பதையும், புளி போட்டுத் தேய்த்தால் வெளுப்பதையும் அறிந்த நமக்கு இதில் வியப்பு இராது.

பின்னர் பசையோடு சேர்ந்தே வரும் மெல்லிய தாள்கள் வந்தன; விரலால் தேய்த்து மெருகேற்றும் மெழுகுக் குழம்புகள் வந்தன. 1990-களின் பிற்பகுதியில், மிக நுண்ணிய துகள்கள் கொண்ட லாக்கர்கள் கடைக்கு வந்தன. இவற்றை ஏர்பிரஷ் கொண்டு, பளபளப்பான கறுப்பு அடிப்பூச்சின் மேல் மெல்லிய திரையாகத் தெளிக்க வேண்டும். துகள்கள் படுக்கையாகப் படிந்து, அடியிலிருக்கும் கறுப்பின் வழுவழுப்பைத் தம்முடையதாகக் காட்டுகின்றன. அடியில் ஒரு கீறலோ கைரேகையோ இருந்தால் அதையும் காட்டும். பச்சை வண்ணம் பிழைகளை மன்னிக்கும், வெள்ளி மன்னிப்பதில்லை.

கருவிகள் இவ்வாறு முழுமை அடைந்தபின் வேறொரு சிக்கல் எழுந்தது. பி-51 மஸ்டாங் விமானத்தை எடுத்துக்கொள்வோம். பூசப்படாத விமானம் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். இன்று விமான விழாக்களில் பறக்கும் மஸ்டாங்குகள் மூக்கு முதல் வால்வரை கண்ணாடிபோல் மின்னுகின்றன. அவற்றைப் பார்த்து, இறக்கையின் ஒவ்வொரு ரிவெட்டும் தெரியும்படி வெள்ளி அடித்து வந்தார்கள். ஆனால் 1944-இல் தொழிற்சாலையிலிருந்து வந்த மஸ்டாங்கின் இறக்கை அப்படி இல்லை. காற்று சலனமின்றி வழுக்கிச் செல்லவேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட இறக்கை அது. ஒரு ரிவெட்டின் தலைகூட அந்த ஓட்டத்தைக் கலைத்துவிடும். ஆகவே இறக்கையின் முன்பகுதியில் இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் பட்டி பார்த்து நிரப்பி, தேய்த்து, அதன்மேல் வெள்ளி லாக்கர் அடித்தார்கள். உடல் வெறும் உலோகம்; இறக்கை வெள்ளிப் பெயிண்ட். போர்க்காலப் புகைப்படங்களைக் கூர்ந்து பார்த்தால், உடல் மின்ன, இறக்கை மங்கிய சாம்பலாகக் கிடப்பது தெரியும்.

இதிலுள்ள முரணைக் கவனிக்க வேண்டும். முதன்முதலில் வெள்ளிப் பெயிண்டை அடித்துத் திருப்தி அடைந்த சிறுவன், இறக்கையைப் பொறுத்தவரை அறியாமலே சரியாகச் செய்திருந்தான். பல ஆண்டுகள் பயின்று, தாள் ஒட்டி, ஒவ்வொரு ரிவெட்டையும் துலக்கிக் காட்டிய வல்லுநர் தவறு செய்தார். அவர் பார்த்துச் செய்தது போரில் பறந்த விமானத்தை அன்று. போருக்குப் பிறகு அன்போடு துடைத்து மெருகேற்றப்பட்ட நினைவை.

இனி, ஏன் பூசாமல் விட்டார்கள் என்னும் கேள்வி. 1943-இன் இறுதியில் அமெரிக்க வான்படை தன் விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு உருமறைப்பு வண்ணம் வேண்டாம் என்று முடிவுசெய்தது. 1944 தொடக்கத்திலிருந்து தொழிற்சாலைகளிலிருந்து வெள்ளி விமானங்கள் வரத்தொடங்கின. எடை குறைந்தது, உழைப்பு மிச்சமாயிற்று, வேகம் சிறிதளவு கூடியது. இவை நிர்வாகக் காரணங்கள். அடியிலிருந்த செய்தி வேறு: ஒளிந்துகொள்ளவேண்டிய காலம் முடிந்துவிட்டது. தம் தளங்களை எதிரி வந்து தாக்குவான் என்னும் அச்சம் நீங்கியவர்களே விமானத்தை வெயிலில் மின்ன விடமுடியும். முதலில் வந்த பூசாத பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஏறியவர்கள், கூட்டத்தில் தாம் மட்டும் தனித்துத் தெரிவோமே என்று அஞ்சினார்கள். கூட்டம் முழுதும் வெள்ளியானபோது அச்சமும் கலைந்தது.

அதே காலத்தில் ஜெர்மனியிலும் சில விமானங்களின் இறக்கை அடிப்பகுதி பூசப்படாமல் வந்தது. அங்கே காரணம் பொருளும் நேரமும் ஆளும் போதாமை. ஜப்பானியத் தரைப்படையின் விமானங்கள் பலவற்றில் அடிப்பூச்சு இல்லாமல் அடித்த பச்சை, வெயிலிலும் மழையிலும் செதில் செதிலாக உரிந்து உலோகம் வெளித்தெரிந்தது. மூன்று நாடுகளிலும் தெரிந்தது ஒரே அலுமினியம். ஒன்றில் அது செழிப்பு, மற்றொன்றில் அவசரம், மூன்றாவதில் வறுமை. இதற்கு மறுதலையாக, வியட்நாம் போர் முற்றிய 1965-க்குப் பின் அமெரிக்க விமானங்கள் மீண்டும் பச்சையும் பழுப்பும் அணிந்தன. நம் நாட்டில் வெறும் உலோகத்தோடு மின்னிய மிக்-21 விமானங்கள் பல, 1971 போரின்போது படைத்தளங்களிலேயே அவசரமாகப் பூசப்பட்டன. அச்சம் வரும்போது வண்ணம் வருகிறது எனலாம்.

வெள்ளி விமானங்களுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டை வீசிய எனோலா கே, பூசப்படாத பி-29. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகருக்கு அருகே கட்டப்பட்டது. போருக்குப் பின் அது 1953 முதல் சில ஆண்டுகள் திறந்தவெளியில் நின்று, பறவைகளும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சிதைக்கக் கிடந்தது. பிறகு பிரித்து அடுக்கப்பட்டது. 1984-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதைப் புதுப்பிக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 3 லட்சம் மணிநேர மனித உழைப்பில், மங்கிக் கறைபடிந்த அலுமினியம் மீண்டும் மின்னியது.

அந்த விமானத்தை எப்படிக் காட்சிக்கு வைப்பது என்பதில்தான் பூசல் எழுந்தது. குண்டு விழுந்த இடத்தின் எச்சங்களையும், குண்டு வேண்டியிருந்ததா என்னும் கேள்வியையும் உடன்வைக்கத் திட்டமிட்ட கண்காட்சி, முன்னாள் படைவீரர் அமைப்புகளின் எதிர்ப்பால் 1995 ஜனவரியில் கைவிடப்பட்டது. அருங்காட்சியகத்தின் இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் அவ்வாண்டு மே மாதம் பதவி விலகினார். விமானத்தின் முன்பகுதி மட்டும் சுருக்கமான விளக்கங்களோடு வைக்கப்பட்டது. 2003 டிசம்பரில் வெர்ஜீனியாவில் புதிய கூடம் திறக்கப்பட்டபோது, முழு விமானமும் மின்னியபடி நின்றது. விளக்கப் பலகை பெரும்பாலும் அதன் பொறியியலைப் பேசியது. திறந்த நாளன்று, குண்டுக்குத் தப்பிப் பிழைத்தவர்கள் சிலரும் வந்து நின்று எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். சிவப்பு வண்ணம் நிரம்பிய குப்பி ஒன்றை யாரோ வீச, தகடு ஒன்று நசுங்கியது.

இந்த விமானத்தின் மாதிரியும் பெட்டியில் கிடைக்கிறது. அதை வாங்கிச் செய்பவருக்கு மஸ்டாங்கின் இறக்கை கற்பித்த பாடம் இங்கும் பொருந்தும். அருங்காட்சியகத்தில் நிற்பதைப் பார்த்துச் செய்தால், அவர் செய்வது 2003-இன் விமானம்: பலர் நெடுநாள் துடைத்து, எதை அருகில் வைப்பது என்று சண்டையிட்டு, முடிவில் உலோகத்தை மட்டும் மிச்சம்வைத்த விமானம். 1945-இன் விமானம் வேண்டுமென்றால் டினியன் தீவின் புகைப்படங்களுக்குப் போக வேண்டும். அங்கே இன்ஜின் எண்ணெய் வழிந்திருக்கும். தகடுகள் ஒன்றுபோல் ஒன்று இரா. அது வேலை செய்யும் விமானம்.

வெள்ளியை எவ்வளவு மின்ன வைப்பது என்பது குப்பியிலும் பஞ்சிலும் தீர்கிற கேள்வி அன்று. எந்த நாளின் விமானத்தைச் செய்கிறோம் என்று முதலில் முடிவுசெய்தாக வேண்டும். அந்த முடிவுக்குப் பிறகு, எதைத் துலக்குவது, எதை மங்கலாக விடுவது என்பதை வரலாறே சொல்லிவிடும்.