6174: ஒரு பள்ளி வாத்தியாரின் எண்

எது கணிதம், எது வெறும் விளையாட்டு என்று பிரிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? 6174 என்ற எண்ணின் வரலாறு இந்தக் கேள்வியை எழுப்புகிறது.

த. ரா. காப்ரேகர் (1905–1986) நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர். இளங்கலைப் பட்டத்தோடு சரி; மேற்படிப்பு கிடையாது. 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இந்த எண்ணை அவர் முன்வைத்தார். விஷயம் இவ்வளவுதான்: நாலு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். விடையையும் அப்படியே செய்யுங்கள்.

அந்த ஆண்டையே போட்டுப் பார்ப்போமே. 9941 – 1499 = 8442. தொடர்ந்தால் 5994, 5355, 1998, 8082, 8532, கடைசியில் 6174. அதற்கப்புறம் நகராது: 7641 – 1467 = 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் இங்கேதான் வந்து நிற்கும்.

மாயம் ஒன்றுமில்லை. கழித்தலின் விடையைத் தீர்மானிப்பவை இரண்டே வித்தியாசங்கள்: பெரிய இலக்கத்துக்கும் சிறியதற்கும் உள்ளது, நடு இரண்டுக்கும் இடையே உள்ளது. முன்னதை 999ஆலும் பின்னதை 90ஆலும் பெருக்கிக் கூட்டினால் விடை. ஆகவே 8991 எண்களும் முதல் படியிலேயே 54 விடைகளுக்குள் சுருங்கிவிடுகின்றன. மூன்று இலக்கத்தில் 495 இப்படி நிற்கிறது. ஐந்து இலக்கத்தில் நிலைத்த எண்ணே இல்லை, சுழற்சிகள்தான்.

இதையெல்லாம் கணிதமாகக் கொள்ளலாமா? இலக்கங்களைப் புரட்டிப் பெறும் வியப்புகள் புதிர்ப் பகுதிக்கே உரியவை, அவற்றில் கணிதவியலாளருக்கு எதுவுமில்லை என்று 1940இலேயே ஹார்டி எழுதிவிட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ராமானுஜனின் 1729 எந்த அடிமானத்தில் எழுதினாலும் இருவிதமான கனங்களின் கூட்டல்தான். 6174இன் குணமோ பத்தடிமான எழுத்துமுறையோடு கட்டுண்டது. பத்து விரல்களின் விளைவு என்றுகூடச் சொல்லலாம். இந்த வேறுபாட்டை மூடிமறைத்துக் காப்ரேகருக்குச் சிலை வைப்பதில் பயனில்லை.

ஆனால் எழுத்துமுறையும் மனிதர் கட்டியமைத்ததுதானே, அதற்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கை ஆராய்வது மட்டும் எப்படிக் கீழானதாகும்? நிறுவனம் சார்ந்த நம் கணித உலகம் காப்ரேகரை வெகுகாலம் பொருட்படுத்தவில்லை. 1975இல் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்க இதழொன்றின் கணித விளையாட்டுப் பத்தியில் எழுதிய பிறகே உலகம் அவரைக் கவனித்தது. ஹார்டி ஒதுக்கிவிட்ட அதே புதிர்ப் பகுதிதான் அந்த வாத்தியாருக்கு இடம் கொடுத்தது.