கணி

கணி: எண்ணிப் பார்; வரப்போவதை உரை. சங்ககாலக் கணியன் நாளும் கோளும் பார்த்தவன். பூத்துக் காலம் உணர்த்திய வேங்கை மரத்துக்கும் ‘கணி’ என்றே பெயர். ‘கண்’தான் வேர் என்பாரும், வடமொழி ‘கண’த்தைக் காட்டுவாரும் உண்டு, வழக்கு முடிந்தபாடில்லை. கணினியும் கணிமையும் இதன் பிள்ளைகள்.

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் உணவகங்களில் சாப்பிட்டதும் ‘கிரா’ என்றால் பில் வரும். மலாயில் கிரா என்றால் எண்ணு. கிரா-கிரா என்றால் உத்தேசம். நம் ‘கணி’யைப் போலவே இரட்டை வேடம்!

கணிமைக் கோட்பாட்டில் எண்ணுவதும் முன்கூட்டி உரைப்பதும் பிரிந்துவிட்டன. எந்தக் கணினி நிரல் ஓடி நிற்கும், எது ஓயாமல் ஓடும் என்று எல்லா நிரல்களுக்கும் முன்கூட்டிச் சொல்லும் பொறி இருக்க முடியாது. இது 1936இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் செய்த ஆய்வின் விளைவு. நிற்கும் நிரல்களின் கணம் (தொகுதி), ஆக, கணிக்க இயலாதது. அதைவிடக் கடினமான கணங்களும் உண்டு. ஒரு கணத்தில் எது உண்டு, எது இல்லை என்ற விடைகளை இரவல் வாங்கினால் மற்றொன்றைக் கணிக்கலாமா என்று பார்த்து, 1944இல் கணிதவியலாளர் எமில் போஸ்ட் அவற்றைத் தரம் பிரித்தார்.