சின்ன விமானத்தில் ஏறும் முன் உங்கள் எடையை ஏன் கேட்கிறார்கள்? 'பின்பாரம்' என்ற ஆபத்து

ஒன்பது பேரோ பத்தொன்பது பேரோ மட்டும் போகக்கூடிய குட்டி விமானத்தில் பயணம் செய்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கலாம். பெட்டியை எடை போட்ட கையோடு, "நீங்களும் கொஞ்சம் ஏறி நில்லுங்க" என்று தராசைக் காட்டுவார்கள். பின் சீட்டில் ஆசையாக உட்கார்ந்தவரை எழுப்பி, "சார், நீங்க முன்னாடி வாங்க" என்பார்கள். சிலருக்குக் கோபம்கூட வரும். ஆனால் அந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: விமானத்தின் ஈர்ப்பு மையம்.

விமானத்தில் எவ்வளவு எடை இருக்கிறது என்பது பாதி கேள்விதான். அந்த எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் மீதிப் பாதி. இரண்டாவது கேள்விக்குத் தப்பான பதில் வைத்துக்கொண்டு பறந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவில் 2003-ல் நடந்த ஒரு விபத்து இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது.

37 நொடிகளில் முடிந்த பயணம்

2003 ஜனவரி 8. வட கரோலினா மாகாணத்தின் சார்லட் விமான நிலையத்தில் இருந்து ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் பீச்கிராஃப்ட் 1900டி விமானம் புறப்பட்டது. 19 பயணிகள், 2 விமானிகள். தரையை விட்டு எழும்பியதும் மூக்கு மேலே போனது. போனது போனதுதான், நிற்கவே இல்லை. ஒரு கட்டத்தில் 54 டிகிரி வரை செங்குத்தாக நிமிர்ந்து, வேகம் இழந்து, விமான நிலையத்தில் இருந்த பராமரிப்புக் கொட்டகை மீது விழுந்தது. புறப்பட்டு 37 நொடிதான். 21 பேரும் உயிரிழந்தனர்.

விசாரணையில் இரண்டு தவறுகள் தெரியவந்தன. முதலாவது, விபத்துக்கு இரண்டு இரவுகள் முன்பு நடந்த பராமரிப்பு வேலை. மூக்கை ஏற்றி இறக்கும் வால் பகுதிப் பலகைக்கு 'எலிவேட்டர்' என்று பெயர். அதை இயக்கும் கேபிளைத் தப்பாகச் சரிசெய்திருந்தார்கள். இதனால் மூக்கைக் கீழே இறக்கும் பக்கம் எலிவேட்டர் முழுதாக நகரவில்லை.

ஆனால் அதே பழுதோடு அந்த விமானம் அதற்கு முன் பல முறை ஒழுங்காகப் பறந்து இறங்கியிருக்கிறது! விபத்து நாளில் மட்டும் என்ன வித்தியாசம்? அதுதான் இரண்டாவது தவறு. அன்று விமானம் நிரம்பியிருந்தது, பின்பக்கம் சாமான்களும் அதிகம். ஈர்ப்பு மையம் அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. மூக்கைக் கீழே தள்ள முழு பலமும் தேவைப்பட்ட நேரத்தில், எலிவேட்டரில் அந்த பலம் இல்லை.

கவனிக்க வேண்டிய விஷயம், விமானிகள் கணக்குப் போடாமல் கிளம்பவில்லை. காகிதத்தில் எல்லாமே எல்லைக்குள்தான் இருந்தது. பயணிகளை எடை போடாமல், 'ஒரு ஆள் சராசரியாக இவ்வளவு' என்று அரசு அனுமதித்த எண்ணை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்தச் சராசரி பழையது. மக்கள் அதற்குள் எடை கூடிவிட்டார்கள். உண்மையான எடை அனுமதியைவிட சுமார் 260 கிலோ அதிகம் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை, ஒரு பயணிக்கான சராசரி எடையில் 10 பவுண்டு, அதாவது நாலரை கிலோ கூட்டச் சொன்னது. 21 உயிர் போன பிறகு.

மாட்டு வண்டிக்காரருக்குத் தெரிந்த இயற்பியல்

ஈர்ப்பு மையம் என்றால், ஒரு பொருளின் மொத்த எடையும் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளக்கூடிய புள்ளி. விமானத்தை அந்த இடத்தில் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் முன்னாலும் சாயாது, பின்னாலும் சாயாது.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுபவர்களைக் கேட்டால் இதை இன்னும் நல்லா சொல்வார்கள். அச்சுக்கு முன்னால் மூட்டை அதிகமானால் அது முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். மாடு திணறும், வண்டி மெதுவாகப் போகும். பின்னால் அதிகமானால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். முன்பாரத்தைச் சமாளித்து ஓட்டலாம், பின்பாரம் ஆபத்து. விமானத்திலும் அப்படியேதான்.

சாதாரணச் சிறு விமானத்தில் இறக்கையின் தூக்குவிசை ஈர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னால் செயல்படும். அதனால் மூக்கு இயல்பாகவே கீழே போகப் பார்க்கும். வால் சிறகு பின்பக்கத்தைக் கீழே அழுத்தி அதைச் சமன் செய்கிறது. பறக்கும்போது திடீரென ஒரு காற்று மூக்கைத் தூக்கிவிட்டால், ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் தூரத்தில் இருக்கும் வால், நெம்புகோல் மாதிரி வேலை செய்து மூக்கைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். விமானி கை வைக்கக்கூட வேண்டாம். இதுதான் நிலைத்தன்மை. அம்புக்கு நுனியில் கனமும் வாலில் இறகும் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இப்போது எடையைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போங்கள். வாலுக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடையே தூரம் குறையும், நெம்புகோலின் பலமும் குறையும். ஒரு புள்ளியைத் தாண்டினால் கதையே மாறிவிடும். காற்று மூக்கைக் கொஞ்சம் தூக்கினால், விமானம் தானாகவே இன்னும் தூக்கிக்கொள்ளும். மூக்கு நிமிர நிமிர வேகம் குறையும்; ஓர் அளவுக்கு மேல் இறக்கையில் தூக்குவிசை வெகுவாகக் குறைந்துவிடும். விமானிகள் இதை 'ஸ்டால்' என்பார்கள். அதிலிருந்து மீள ஒரே வழி, மூக்கைக் கீழே இறக்கி வேகம் பிடிப்பது. பின்பாரத்தில் கிடைக்காமல் போவது அந்த ஒரு வழிதான்.

முன்பாரம் மட்டும் நல்லதா? இல்லை. ஓடுபாதையில் அதிக தூரம் ஓட வேண்டும், இறங்கும்போது மூக்கைத் தூக்க முடியாமல் முன்சக்கரம் முதலில் மோதலாம். ஆனால் அது பெரும்பாலும் தரையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். எழும்ப மறுக்கும் விமானத்தை நிறுத்த ஓடுபாதை மிச்சம் இருக்கும். பின்பாரம் அப்படி எச்சரிக்காது. விமானம் லேசாக, சொல்லப்போனால் ஆசையாகவே எழும்பும்.

ஒரு சாண்கூட இல்லாத இடைவெளி

உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட சிறு விமானம் செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம். இதன் 172எஸ் மாடலில் முழு எடையுடன் பறக்கும்போது, ஈர்ப்பு மையம் இருக்க வேண்டிய இடைவெளி வெறும் 16 சென்டிமீட்டர். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் இருந்து அளந்தால் 1.04 மீட்டர் முதல் 1.20 மீட்டர் வரை. அவ்ளோதான்.

கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்த திருப்புத்திறன்தான். ஒவ்வொரு எடையையும் அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். தோராயமான எண்களில் ஒன்று போட்டுப் பார்க்கலாம். காலி விமானம் 760 கிலோ, தூரம் 1.02 மீட்டர். முன் சீட்டில் 55 கிலோ விமானியும் 55 கிலோ நண்பரும், தூரம் 0.94. பின் சீட்டில் 90 கிலோ ஆட்கள் இரண்டு பேர், தூரம் 1.85. பெட்டிகள் 50 கிலோ, தூரம் 2.41. பெட்ரோல் 50 கிலோ, தூரம் 1.22.

மொத்தம் 1,150 கிலோ. அனுமதி 1,157 கிலோ என்பதால் எடையில் பிரச்னை இல்லை. ஆனால் ஈர்ப்பு மையம் 1.21 மீட்டரில் வருகிறது. எல்லையைத் தாண்டிவிட்டது!

இப்போது 55 கிலோ நண்பர் பின்னால் போகட்டும், 90 கிலோக்காரர் ஒருவர் முன்னால் வரட்டும். ஒரு கிலோவும் குறையவில்லை. ஈர்ப்பு மையம் 1.18-க்கு வந்து எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. "சார், முன்னாடி வாங்க" என்பதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். 180 பேர் போகும் பெரிய விமானத்திலும் இந்தக் கணக்கு உண்டு. அங்கே ஒருவர் சீட் மாறினால் ஒன்றும் தெரியாது, நாலு சீட் விமானத்தில் தெரியும்.

கிளம்பும்போது சரியாக இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. எரிபொருள் தீரத் தீர மையம் நகரும். பீச்கிராஃப்ட் பொனான்ஸா விமானத்தில் எரிபொருள் தொட்டிகள் இறக்கையின் முன்விளிம்பில் இருப்பதால், பறக்கப் பறக்க மையம் பின்னால் போகும். புறப்படும்போது எல்லைக்குள் இருந்த விமானம், இறங்கும்போது வெளியே இருக்கலாம்.

ஆலியாவின் கடைசிப் பயணம்

அமெரிக்கப் பாடகி ஆலியாவின் மரணம் பலருக்கு நினைவிருக்கும். 2001 ஆகஸ்ட் 25 அன்று, பஹாமாஸின் அபாகோ தீவில் 'ராக் தி போட்' பாடலுக்கான படப்பிடிப்பை முடித்துவிட்டு ஃபுளோரிடா திரும்பக் கிளம்பினார். செஸ்னா 402பி விமானம், விமானியோடு சேர்த்து 9 பேர், கூடவே படப்பிடிப்புச் சாமான்கள். எழும்பிய சில நொடிகளில் ஓடுபாதையின் முனைக்கு அருகிலேயே விழுந்து நொறுங்கியது. யாரும் பிழைக்கவில்லை. ஆலியாவுக்கு வயது 22. விமானம் அனுமதிக்கப்பட்ட எடையை வெகுவாக மீறியிருந்ததும், ஈர்ப்பு மையம் பின் எல்லைக்கு வெளியே போயிருந்ததும் விசாரணையில் தெரிந்தது. விமானியின் உடலில் மதுவும் கோகைனும் இருந்தது தனிக் கதை.

பறக்கும்போது ஆட்கள் நகர்ந்தால்?

2010-ல், அதுவும் ஆகஸ்ட் 25-ஆம் தேதிதான், காங்கோ ஜனநாயகக் குடியரசின் பண்டுண்டு நகரில் எல்-410 ரகச் சிறு விமானம் ஒன்று இறங்கும் நேரத்தில் விழுந்து 20 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்ந்திருக்கும் என்றுதான் முதலில் பேச்சு. பிழைத்த ஒரே பயணி சொன்னதாக வெளியான செய்தி வேறு. யாரோ ஒருவர் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்த முதலை வெளியே வந்துவிட்டது. பயந்துபோன பணிப்பெண் விமானி அறையை நோக்கி ஓட, பயணிகளும் மொத்தமாக முன்னால் ஓடினார்கள். விமானம் சமநிலை இழந்தது. அந்தப் பயணி சொன்னது உண்மை என்றால், இது பின்பாரம் இல்லை, நொடியில் உருவான முன்பாரம். அந்த விபத்தில் முதலையும் பிழைத்ததாகவும், பிறகு அதை வெட்டிக் கொன்றுவிட்டதாகவும் அதே செய்திகள் சொல்கின்றன.