கையெழுத்துக்கு இடமில்லாத தொழில்

2009 ஆகஸ்டில் வெளிவந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ வீடியோ கேமில், மனநலக் காப்பகத்தின் தலைவர் குயின்சி ஷார்ப்பின் அலுவலகத்தில் ஒரு சுவர் இருக்கிறது. இடிக்கக்கூடிய சுவர்களைக் காட்டிக்கொடுக்கும் பேட்மேனின் துப்பறியும் பார்வைக்கும் அது வெறும் சுவராகவே தெரியும். வெடிக்களிம்பை ஒரு தடவை பூசினால் போதாது. மூன்று பூச்சு பூசி வெடித்தால்தான் அது உடையும். உள்ளே ஒரு சிற்றறை. அதில் ‘ஆர்க்கம் சிட்டி’ என்ற புதிய சிறை நகரத்துக்கான வரைபடங்கள். 2011-இல் வரப்போகும் அடுத்த ஆட்டத்தின் கதை அதுதான். பல மாதங்கள் ஆகியும் ஒருவர் கண்ணிலும் படாமல், கடைசியில் ஆட்டத்தை உருவாக்கிய லண்டன் நிறுவனமான ராக்ஸ்டெடியே வாய்திறந்து சொல்லவேண்டி வந்தது. இப்படி ஆட்டத்துக்குள் ஒளித்துவைக்கும் சங்கதிகளை ‘ஈஸ்டர் எக்’ என்கிறார்கள். ரசிகனுக்குக் கலைஞன் செய்யும் குறும்பு என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த வழக்கம் தொடங்கிய இடத்தைத் தேடிப் போனால் அங்கே இருப்பது மனக்குறை. செய்த வேலையில் பெயர் போட அனுமதி கிடைக்காதவர்கள் கண்டுபிடித்த வழி இது. சூப்பர் ஹீரோ ஆட்டங்களுக்கு அந்தக் குறை வீடியோ கேம், காமிக்ஸ் என இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதே என் வாதம்.

வார்னர் கம்யூனிகேஷன்ஸ் 1976-இல் அட்டாரி நிறுவனத்தை வாங்கியது. 1978-இல் வார்னரின் ‘சூப்பர்மேன்’ படம் வந்தபோது, அதை ஒட்டி ஒரு வீடியோ கேமும் வேண்டும் என்று மேலிடம் விரும்பியது. அப்போது வாரன் ராபினெட் என்ற இளம் புரோகிராமர், கோட்டைகளும் டிராகன்களும் கொண்ட ‘அட்வென்ச்சர்’ என்ற ஆட்டத்தைப் பாதிவரை எழுதியிருந்தார். அதையே சூப்பர்மேனாக மாற்றித் தரும்படி கேட்டார்கள். அவருக்கு அதில் விருப்பமில்லை. சக ஊழியர் ஜான் டன் அந்தப் பொறுப்பை ஏற்க, ராபினெட்டின் புரோகிராமை அடித்தளமாகக் கொண்டு ‘சூப்பர்மேன்’ 1979-இல் வெளிவந்தது. வீட்டு டிவியில் விளையாட வந்த மிகப் பழைய சூப்பர் ஹீரோ ஆட்டங்களில் ஒன்று அது. பிற்பாடு ஈஸ்டர் எக்குக்கே இலக்கணமாகிப்போன ‘அட்வென்ச்சர்’ அதன் உடன்பிறப்பு. இரண்டின் அட்டைப்பெட்டியிலும் எழுதியவர் பெயர் கிடையாது; அட்டாரியின் கொள்கை அப்படி. இதை எதிர்த்துக் கேட்ட நால்வர், அதே 1979-இல் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கார்ட்ரிட்ஜைப் பூட்டும் தொழிலாளியைவிட நீங்கள் ஒன்றும் முக்கியமில்லை என்ற பதிலே தங்களுக்குக் கிடைத்ததாக அவர்களில் ஒருவரான டேவிட் கிரேன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பூட்டுகிறவரின் பெயரையும் போடுவதற்கு என்ன தடை என்று கேட்கத் தோன்றுகிறது.

ராபினெட் சண்டைக்குப் போகவில்லை. ஆட்டத்துக்குள் ஓர் அறை கட்டினார். கறுப்புக் கோட்டையின் பாதாள வழிகளுக்கு நடுவே, பாலத்தை எடுத்துச் சென்றால் மட்டுமே நுழையக்கூடிய மூடிய இடத்தில், ஒரேயொரு புள்ளியை வைத்தார். பின்னணியின் சாம்பல் நிறமே அதற்கும் என்பதால், மேலே போய் இடித்தாலொழிய அங்கே ஒன்று கிடப்பது தெரியாது. அந்தப் புள்ளியைத் தூக்கிவந்து, மஞ்சள் கோட்டைக்குக் கீழே உள்ள ஒரு அறையில் வேறு சில பொருள்களோடு சேர்த்துப் போட்டால், அத்தனையையும் ஒரே நேரத்தில் வரைய அந்த எந்திரத்துக்குச் சக்தி போதாது. பொருள்கள் மினுக்கத் தொடங்கும். தடுப்புச் சுவரும் மினுக்கும். அதன் ஊடே நடந்துவிடலாம். அப்பால் உள்ள அறையில், மேலிருந்து கீழாகப் பல நிறங்களில் மின்னும் எழுத்துகளில், இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்று எழுதியிருக்கும். மொத்த ஆட்டமே 4 கிலோபைட். ஒவ்வொரு பைட்டையும் கெஞ்சிக் கூத்தாடிச் சேமித்த காலத்தில் ஒருவர் தன் பெயருக்காக இடம் ஒதுக்கினார் என்றால், அதை விளையாட்டுத்தனம் என்று தள்ள முடியாது.

சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவன் இதைக் கண்டுபிடித்து அட்டாரிக்குக் கடிதம் எழுதியபோது ராபினெட் வேலையை விட்டுப் போயிருந்தார். புதிதாக ரோம் அச்சு எடுப்பது செலவு பிடித்த வேலை. ஆகவே பெயர் அப்படியே தங்கியது. ஸ்டீவ் ரைட் என்ற மேலாளர் ஒரு படி மேலே போய், தேடிப் பிடித்து மகிழ இதுபோல எல்லா ஆட்டங்களிலும் ஏதாவது இருக்கட்டும் என்றார். அவர் வைத்த பெயர்தான் ஈஸ்டர் எக். புகாராகத் தொடங்கியது அன்றைக்கே விற்பனை உத்தியாக மாறிவிட்டது.

ராபினெட் முதலாமவர் அல்ல என்று வரலாறு தெரிந்தவர்கள் மறுக்கலாம், உண்மைதான். அட்டாரியின் 1977 ஆர்கேட் ஆட்டமான ‘ஸ்டார்ஷிப் 1’-இல், பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் இயக்கினால் உருவாக்கியவரான ரான் மில்னருக்கு வணக்கம் சொல்லும் வாசகம் ஒன்று திரையில் வரும். அது வெளியுலகுக்குத் தெரிய 2017 வரை ஆயிற்று. ஆனால் அங்கே ஒளிந்திருந்ததும் ஒரு பெயர்தானே! முதலிடம் யாருக்குப் போனாலும் என் வாதம் அப்படியே நிற்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சூப்பர் ஹீரோ ஆட்டங்களில் ஒளிந்திருப்பவை பெரும்பாலும் பழைய காமிக்ஸ் பற்றிய குறிப்புகள்; அவை ரசிகருக்கான விருந்து, கையெழுத்துக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு? ‘ஆர்க்கம் அசைலம்’ ஆட்டத்தில் ரிட்லர் என்ற வில்லன் போடும் புதிர்கள் 240. பாதிக்கு மேல் எனக்கும் விருந்தாகவே தெரிகின்றன. ஆனால் அந்த விருந்தைச் சமைத்தவர்கள் யார்? 1938-இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். படைத்தவர்கள் என்ற பெயர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது 1975-இல். 1939-இல் பேட்மேனை பாப் கேனோடு சேர்ந்து உருவாக்கிய பில் ஃபிங்கர் 1974-இல் இறந்தார். அதிகாரபூர்வமாக அவர் பெயரைச் சேர்ப்பதாக, பேட்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் அறிவித்தது 2015 செப்டம்பரில். இதே வரிசையில் வந்த ‘ஆர்க்கம் நைட்’ ஆட்டம் அதற்கு மூன்று மாதம் முன்பே, ஜூனில் வெளிவந்துவிட்டது. ஆர்க்கம் காப்பகமே டென்னிஸ் ஓ’நீல் 1974-இல் எழுதிய கதையில் வந்தது. ஆட்டம் முழுக்கச் சிதறிக்கிடக்கும் கல்வெட்டுகளில் பேசும் அமேடியஸ் ஆர்க்கமின் துயரக் கதையை 1989-இல் விரித்து எழுதியவர் கிராண்ட் மாரிசன். வரைந்தவர் டேவ் மெக்கீன். அந்தக் கல்வெட்டுகளைத் தேடிச் சேர்ப்பவருக்கு மூலக்கதைகளைத் தேடிப் போகும் ஆசை எழுகிறது. ஆட்டத்தின் முகப்பு செய்யாத அறிமுகத்தை அதன் மூலைமுடுக்குகள் செய்கின்றன. காமிக்ஸ்காரர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதுமல்ல: காத்தம் நகரின் ராபின்சன் பார்க், ஓவியர் ஜெர்ரி ராபின்சனின் பெயரைத் தாங்கியது.

‘ஆர்க்கம் சிட்டி’யில் இது இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளச் சிறையில் காலண்டர் மேன் என்ற கொலைகாரன் அடைபட்டிருக்கிறான். பண்டிகை நாட்களில் போய் நின்றால் அன்றைய தினம் செய்த கொலையைச் சொல்வான். பன்னிரண்டையும் கேட்டு முடித்தவர்கள் அதோடு தீர்ந்தது என்றே நினைத்தார்கள். எந்திரத்தின் தேதியை 2004 டிசம்பர் 13-க்கு மாற்றிவிட்டுப் போனால், பேட்மேனின் தொடக்கத்தைப் பற்றியும் முடிவைப் பற்றியும் வேறொரு பேச்சு வரும் என்பது வெளியே தெரிய ஏறக்குறைய மூன்று வருடம் ஆயிற்று. அந்தத் தேதி ராக்ஸ்டெடி தொடங்கப்பட்ட நாள். ஆக, இதுவும் கையெழுத்துதான். ஆனால் போட்டிருப்பது நிறுவனம். ராபினெட் எந்த நிறுவனத்துக்குத் தெரியாமல் ஒளித்தாரோ, அந்த இடத்தில் இன்று நிறுவனமே ஒளிந்துகொண்டு தன்னைத் தேடச் சொல்கிறது. எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். ஆனாலும் இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் கடந்துபோவது சரியல்ல.

இன்சோம்னியாக் நிறுவனத்தின் 2018 ‘ஸ்பைடர்மேன்’ ஆட்டத்தில் ஸ்டான் லீ ஓர் உணவகச் சமையற்காரராக வந்து போகிறார். அந்த நவம்பரில் அவர் மறைந்தார். 2020-இல் வந்த ‘மைல்ஸ் மொராலஸ்’ ஆட்டத்தில் அதே உணவகத்தருகே அவருக்குச் சிலை. மனதார வைத்த அஞ்சலி அது. ஸ்பைடர்மேனை அவரோடு சேர்ந்து படைத்து வரைந்த ஸ்டீவ் டிட்கோவுக்கு இந்த அளவு அறிமுகம் இல்லை. அவரே வெளிச்சத்தை விரும்பாதவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போதுதான் ஆட்டம் முடிந்ததும் எல்லார் பெயரும் ஓடுகிறதே, பழைய குறையை ஏன் கிளறவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பெயர்ப்பட்டியல் நீண்டிருப்பது உண்மை. ஆனால் வருடக்கணக்கில் உழைத்துவிட்டு, வெளியீட்டுக்கு முன்பே விலகியவர்களைப் பட்டியலிலிருந்து விட்டுவிடும் வழக்கம் இந்தத் தொழிலில் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. பெயர் போடுவதற்கென்று சர்வதேச கேம் உருவாக்குநர் சங்கம் வகுத்த நெறிமுறைகள் உண்டு. அவை யாரையும் கட்டுப்படுத்துபவை அல்ல. அந்த வழக்கத்தின்படி பார்த்தால், 1979-இல் வேலையை விட்டுவிட்டு, 1980-இல் ‘அட்வென்ச்சர்’ வெளிவந்தபோது அட்டாரியில் இல்லாத வாரன் ராபினெட்டின் பெயர் இன்றைக்கும் பட்டியலில் ஏறாது.