ஜூரி சொன்ன பிறகு

பாகவதர் வழக்கு என்றதும் நாம் 'ஹரிதாஸ்' ஓடிய மூன்று தீபாவளிகளுக்குப் போய்விடுகிறோம். எனக்கு அந்த மேல்முறையீடுதான் முக்கியம்.

1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் 'இந்து நேசன்' லட்சுமிகாந்தன் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். 1945 மே மாதம், ஜூரியின் முடிவுப்படி பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டையும் தள்ளியது.

நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ ஜூரியாக உட்கார்ந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். சாட்சியை நம்புவதா என்பது ஜூரியின் பாடு. மேல் நீதிமன்றம் அதில் எளிதில் கைவைக்காது. சென்னை நீதிபதிகளும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணினார்கள். ஆனால் 1943-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 411-ஏ பிரிவு, சாட்சியங்களையும் மறுபடி அலச வழிவிட்டிருந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் அதைச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. லண்டனே நிரபராதி என்று சொல்லிவிட்டதாகத்தான் ஊரில் பேச்சு. அப்படி இல்லை. 1947 ஏப்ரலில் சாட்சியங்களை அலசி இருவரையும் விடுவித்தது அதே சென்னை உயர் நீதிமன்றம்.

இரண்டு வருஷத்துக்கும் மேல் சிறையில் போயிருந்தது. அடுத்த வருஷம் பாகவதரின் 'ராஜமுக்தி' வந்தது, ஓடவில்லை.