சட்டக் கல்வியின் இறுதி ஆண்டு



ஆனி மாதத்து மாலை ஒன்றில், குற்றாலத்துச் சாரல் செங்கோட்டை வரை வந்து தெருவை நனைத்துக்கொண்டிருந்த வேளையில், என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். பள்ளியில் என்னிடம் வரலாறு படித்தவன். பட்டம் பெற்றபின் சட்டக் கல்லூரியில் சேர்ந்து, மூன்றாண்டுப் படிப்பில் இரண்டு ஆண்டுகளை முடித்திருந்தான். தந்தை இல்லை. தாயார் பீடி சுற்றிய கூலியில் அவனைப் படிக்கவைத்தவர். கொல்லத்தில் ஒரு முந்திரி ஆலையின் அலுவலகத்தில் அவனுக்கு வேலை கிடைப்பதாக இருந்தது. உடனே சேர வேண்டும் என்பது நிபந்தனை.

"ஐயா, சட்டத்தில் கற்க வேண்டியவற்றை இரண்டு ஆண்டில் கற்றுவிட்டோம் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். மூன்றாம் ஆண்டு வெறும் காத்திருப்புதான் என்கிறார்கள். அம்மாவின் கண்பார்வையும் குறைந்து வருகிறது. அந்த ஓர் ஆண்டு எனக்கு வேண்டியதுதானா?" என்று கேட்டான்.

நான் வழக்கறிஞன் அல்லேன்; முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொல்லி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆகவே உடனே விடை சொல்லத் துணியவில்லை. "தம்பி, ஒரு வாரம் பொறு" என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில், இறுதி ஆண்டு என்பது நம் நாட்டுச் சட்டக் கல்வியில் எப்படி வந்து சேர்ந்தது என்று பார்த்தேன். பார்த்ததையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

சட்டக் கல்லூரியின் வாயிலை மிதியாமலே வக்கீலாக விளங்கியவர்கள் நம் திருநெல்வேலிச் சீமையில் முன்னர் உண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை பி.எல். பட்டம் பெற்றவர் அல்லர். 1894இல் பிளீடர் தேர்வில் தேறி, மறு ஆண்டு ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலாளர் சட்டம் அத்தகைய பிளீடர்களுக்குக் கீழ்க் கோர்ட்டுகளில் இடம் அளித்திருந்தது. ஐகோர்ட்டு வக்கீலாவதற்கே பட்டம் வேண்டியிருந்தது. பட்டத்துக்கான கல்லூரி சென்னையில் 1891இல் தனியாக அமைந்தது. திருவனந்தபுரத்திலோ அதற்கும் முன்பாக, 1875இலேயே சட்டக் கல்லூரி ஏற்பட்டுவிட்டது.

திருவனந்தபுரத்தைச் சொல்லக் காரணம் உண்டு. செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஐந்தாறு மைல் தொலைவில் இருக்கும் தென்காசி சென்னை இராஜதானியில் இருக்க, நம் ஊர் வழக்குகளின் மேல்முறையீடு மலையைக் கடந்து மேற்கே சென்றது. 1904இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இருப்புப்பாதை ஏற்பட்ட பின்னர், சட்டம் பயில விரும்பிய நம் ஊர் இளைஞனுக்கு ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கே செல்வது எளிதாயிற்று.

சென்னையில் நிலவிய முறையை இனி நோக்குவோம். அங்கே சட்டப் படிப்பு இரண்டு ஆண்டுகளே. முதலாண்டு முடிவில் எப்.எல். தேர்வு, இரண்டாமாண்டு முடிவில் பி.எல். தேர்வு. பி.எல். தேறியவன் மறுநாளே கறுப்பு அங்கி அணிந்துவிட முடியாது. அனுபவம் மிக்க ஒரு வக்கீலிடம் ஓராண்டு பயிற்சியாளனாக அமர்ந்து பழக வேண்டும். பின்னாளில் அரசியலமைப்பு நிர்ணய சபையில் பெரும்பணி ஆற்றிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் பி. ஆர். சுந்தரம் ஐயரிடம் அவ்விதம் பழகியவரே.

அந்த ஓராண்டில் பயிற்சியாளன் என்ன செய்தான்? பெரியவரின் கட்டுகளைச் சுமந்து கோர்ட்டுக்குச் சென்றான். பிராது எழுதிப் பார்த்தான்; அவர் அதில் பாதியை அடித்துவிட, மீண்டும் எழுதினான். கட்சிக்காரர் சொல்லும் நீண்ட கதையில் வழக்குக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்தறியக் கற்றான். குறுக்கு விசாரணையில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைக் கண்ணால் கண்டான். குமாஸ்தாவிடம் பணிவாக இருந்தால் எத்தனை காரியங்கள் நடக்கும் என்பதையும் அறிந்தான். இவற்றுள் ஒன்றேனும் புத்தகத்தில் அகப்படுமா?

ஆசிரியர்களாகிய நாங்கள் இதை நன்கு அறிவோம். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உளவியலும் கல்வித் தத்துவமும் படித்தேன். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்டு, எட்டாம் வகுப்பின் ஐம்பது பிள்ளைகளுக்குமுன் சாக்குக்கட்டியுடன் நின்ற முதல் நாளில், படித்த தத்துவம் ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசி வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியர், மணி அடித்தபின் என்னை அழைத்து, "கரும்பலகையைப் பார்த்தே பேசினீர், பிள்ளைகளைப் பார்த்துப் பேசும்" என்றார். என் தொழில் வாழ்வில் நான் பெற்ற மிகச் சிறந்த பாடம் அந்த ஒரு வாக்கியந்தான்.

ஆயினும், பழைய முறையை வானளாவப் புகழ்ந்துவிட நான் விரும்பவில்லை. பயிற்சி ஆண்டு நல்லதுதான், யாருக்கு நல்லது? மாமனோ சிற்றப்பனோ வக்கீலாக இருந்தவனுக்குப் பெரியவர் வீட்டுக் கதவு எளிதில் திறந்தது. வக்கீல் தொழிலில் உறவோ அறிமுகமோ இல்லாத குடியானவன் வீட்டுப் பிள்ளைக்கு அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. திறந்தாலும், ஊதியம் இன்றி ஓராண்டு பட்டணத்தில் உண்டு உறங்க அவனிடம் பொருள் ஏது?

நாடு விடுதலை பெற்றபின் இப்பிரச்சினை ஆராயப்பட்டது. 1958இல் சட்டக் கமிஷன் தன் 14ஆம் அறிக்கையில் ஒரு வழி காட்டியது. பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் சட்டத்தின் கொள்கைகளைக் கற்பிக்கட்டும்; தொழிலில் இறங்க விரும்புவோருக்கு அதன்மேல் ஓராண்டு, வழக்கறிஞர் மன்றத்தின் பொறுப்பில், விரிவுரையும் மூத்தோரிடம் பழக்கமும் சேர்ந்த நடைமுறைப் பயிற்சி நடக்கட்டும் என்றது அது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டமும் பயிற்சிக்கும் தேர்வுக்கும் இடம் வைத்திருந்தது.

ஆனால் காரியம் வேறு விதமாக நடந்தது. 1967 மார்ச் 12ஆம் தேதிக்குப்பின் பெறும் சட்டப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பின் பயனாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ, பட்டத்துக்குப்பின் இருந்த பயிற்சியையும் தேர்வையும் நீக்கிவிட்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றும் மூன்று என்ற கணக்கு மாறவில்லை. மூன்றாவது ஆண்டு மட்டும் வக்கீலின் அறையிலிருந்து புறப்பட்டுக் கல்லூரியின் வகுப்பறைக்குக் குடிபெயர்ந்தது. அறையில் செய்த வேலையை அது தன்னோடு முழுவதும் எடுத்துவரவில்லை. இறுதி ஆண்டின்மேல் மாணவருக்கு உண்டாகும் சலிப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

குறையை உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1995இல் இந்திய வழக்கறிஞர் மன்றம் ஓராண்டுப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவர விதி செய்தது. அவ்வாறு விதிக்க மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளைத் தள்ளிவிட்டது. பின்பு 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள், படிப்பினுள்ளேயே ஒரு சிறு ஏற்பாட்டைச் செய்தன. பத்திரம் வரைதல், தொழில் ஒழுக்கம், சமரச முறைகள், மாதிரி நீதிமன்றம் ஆகியவை கட்டாயப் பாடங்களாயின. மூன்றாண்டு மாணவன் மொத்தம் 12 வாரமும், ஐந்தாண்டு மாணவன் 20 வாரமும் வெளியே சென்று பழக வேண்டும் என்றாயிற்று. முன்பு 52 வாரம் பழகிய இடத்தில் இன்று 12 வாரம்.

அயல் நாட்டிலும் இந்த விவாதம் உண்டு. அமெரிக்காவில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், கொலம்பியாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோதே 1907இல் நியூயார்க் வழக்கறிஞர் தேர்வில் தேறி, பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டுவிட்டார். முன்பு சிகாகோவில் சட்டம் போதித்த ஒபாமா, தாம் குடியரசுத் தலைவராக இருந்த 2013இல், சட்டப் படிப்புக்கு இரண்டு ஆண்டு போதும், மூன்றாம் ஆண்டை நீதிபதியிடமோ வழக்கறிஞர் நிறுவனத்திலோ பழகுவதில் கழிப்பது நன்று என்ற கருத்தைச் சொன்னார். இவற்றைக் கேட்டு நம் பிள்ளைகள் ஏமாந்துவிடலாகாது. ரூஸ்வெல்ட்டுக்கு அன்று தேர்வே வாயிலாக இருந்தது. நம் நாட்டிலோ பட்டமும் வேண்டும், 2010 முதல் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வும் வேண்டும். இறுதிப் பருவத்து மாணவரையும் அத்தேர்வுக்கு அனுமதிக்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் பட்டம் இன்றிப் பதிவு இல்லை. இரண்டு ஆண்டு படித்து நின்றவன், வழக்கறிஞர் பதிவேட்டைப் பொறுத்தவரை, ஒரு நாளும் படியாதவனுக்குச் சமம்.

சட்டப் படிப்பு வழக்காடத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டியதில்லை. தென்காசியைச் சேர்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் பி.எல். படித்தவரே. குற்றாலத்தில் அவரைத் தேடி வந்தவர்கள் வழக்கைக் கொண்டுவரவில்லை. கவிதையைக் கேட்க வந்தார்கள். ஆனால் அது படிப்பை முடித்தவர் தம் விருப்பத்தால் தேர்ந்துகொண்ட வழி. முடிக்காதவனுக்குத் தேர்ந்துகொள்ளும் உரிமையே இல்லாமற் போகிறது.

இரண்டு ஆண்டில் எல்லாவற்றையும் கற்றுவிட்டோம் என்ற எண்ணத்துக்கும் செங்கோட்டையின் வரலாறே விடை தரும். நம் ஊர் வழக்குகளின் மேல்முறையீடு முதலில் திருவனந்தபுரம் சென்றது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் எர்ணாகுளம் சென்றது. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தபின் சென்னைக்குச் சென்றது. 2004இல் மதுரையில் ஐகோர்ட்டுக் கிளை ஏற்பட்டபின் மதுரைக்குச் செல்கிறது. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் நான்கு ஊர்கள்! மனப்பாடம் செய்த பிரிவு எண்களின் கதியும் அதுவே. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் இருந்த இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதை நிற்கிறது. எண்கள் மாறும், கோர்ட்டுகள் மாறும். ஒரு பத்திரத்தைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கமும், ஏழையின் சொல்லை இறுதிவரை கேட்கும் பழக்கமும் மாறுவதில்லை. அவற்றைப் பெறுவதற்கே அந்த ஓர் ஆண்டு முன்னோரால் ஒதுக்கப்பட்டது.

ஒரு வாரம் கழித்து மாணவன் வந்தான். தாயாரையும் அழைத்து வரச் சொல்லியிருந்தேன். இருவருக்கும் நான் சொன்னது இதுதான்:

"வகுப்பில் உட்கார்ந்து காத்திருப்பதற்காக என்றால் அந்த ஆண்டு வீண். ஆனால் உறவில் ஒரு வக்கீலும் இல்லாத பிள்ளைக்கு, 'நான் சட்டக் கல்லூரி மாணவன்' என்று சொல்லி எந்தக் கோர்ட்டு வாசலிலும் நிற்க உரிமை தருவது அந்த ஓர் ஆண்டுதான். அக்காலத்தில் சிலருக்கு மாமன் தந்த அறிமுகத்தை உனக்குக் கல்லூரி தருகிறது. அதை விட்டுவிடாதே. விதி கேட்பது 12 வாரம். மற்ற விடுமுறை நாட்களையும் நீயே அதனோடு சேர்த்துக்கொள்."

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "வக்கீலான பிறகாவது உடனே வருமானம் வருமா, ஐயா?" என்று கேட்டார். உடனே வரும் என்று என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இளம் வழக்கறிஞர்க்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் மூத்தோர் தரவேண்டும் என்று 2024 ஜூனில் தமிழ்நாடு வழக்கறிஞர் மன்றம் சுற்றறிக்கை விட்டிருப்பதைச் சொன்னேன். சுற்றறிக்கை வேறு, கையில் வரும் பணம் வேறு என்பதையும் சேர்த்தே சொன்னேன். அந்த அம்மாள் மகனைப் பார்த்து, "ஒரு வருஷந்தானே, படி" என்றார். நான் ஆராய்ந்த வரலாற்றைவிட அந்த மூன்று சொற்களுக்கே எடை அதிகம்.

இப்போது கல்லூரி இல்லாத நாட்களில் அவன் நம் பகுதியில் ஒரு வக்கீலின் குமாஸ்தாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து பழைய பத்திரங்களைப் படித்து வருகிறான். சென்ற மாதம் ஒன்றின் நகலைக் கொண்டுவந்து காட்டினான். திருவிதாங்கூர்க் காலத்தது; கொல்லம் 1118, மேட மாதம் என்று தேதியிட்டிருந்தது. "825 கூட்டினால் 1943, ஐயா. ஆவணி முதல் டிசம்பர் முடிய வரும் நாட்கள் என்றால் 824தான் கூட்டவேண்டும். இதை அறியாமல் கூட்டினால் ஓராண்டு பிசகிவிடும், பாத்தியதையே போய்விடலாம்" என்றான்.

இதை எந்த வகுப்பில் கற்றாய் என்று நான் கேட்கவில்லை.