மேலுறையில் இல்லாத பெயர்கள்

அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2003இல் எக்காலத்துக்குமான 500 ஆல்பங்கள் என்று ஒரு தரவரிசை போட்டது. முதலிடம் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' (1967). முதல் பத்தில் பீட்டில்ஸ் நான்கு, பாப் டிலன் இரண்டு. கறுப்பினக் கலைஞர் ஒரே ஒருவர், மார்வின் கே. பெண்கள் கிடையாது. 2020இல் அதே இதழ் வேறு ஆட்களிடம் வாக்கு வாங்கிப் பட்டியலைத் திருத்தியது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) முதலிடத்துக்கு வந்தது. சார்ஜென்ட் பெப்பர் இருபத்து நான்காவது இடத்துக்கு இறங்கியது. இடையில் அந்த இசைத்தட்டுகளில் ஒரு சுரம்கூட மாறவில்லை. வாக்குப் போட்டவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். தரவரிசை என்பது ரசனையின் விஷயம் அல்ல, யார் கையில் பேனா இருக்கிறது என்பதன் விஷயம் என்று நம் பக்கங்களில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கும் ஒரு பட்டியல் போட ஆசையாக இருக்கிறது. ஐந்திலிருந்து ஒன்று. என் அளவுகோல் இதுதான்: மேலுறையில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை.

இந்த அளவுகோல் ஒரு அவமானத்திலிருந்து வந்தது. தமிழ் எம்.ஏ. படித்தபோது விடுதி நண்பன் ஒரு எம்பி3 குறுந்தகடு கொடுத்தான். நூற்றுச் சொச்சம் பாட்டு. பாடகர் பெயர், குழுவின் பெயர் ஒன்றும் இல்லை. டிராக் 01, டிராக் 02 என்று வரிசையாக எண்கள் மட்டும். அதில் ஒரு பாட்டைப் பைத்தியம் மாதிரி கேட்டேன். லெட் செப்பலின் என்று பிறகு தெரிந்தது. சில வருடம் கழித்து மட்டி வாட்டர்ஸின் ஒரு பழைய பாட்டைக் கேட்டபோது, "அட, இந்த ஆளு செப்பலினை அப்படியே காப்பியடிச்சிருக்காரே" என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். யாரும் மறுக்கவில்லை. மறுக்கிற அளவுக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

உண்மை தலைகீழ். எனவே ஐந்தாவது இடம் 'லெட் செப்பலின் II' (1969). அதன் முதல் பாட்டு 'ஹோல் லாட்டா லவ்'. தட்டில் எழுதியவர்களாக அச்சிடப்பட்டவை குழுவின் நான்கு இங்கிலாந்துக்காரர்களின் பெயர்கள். வில்லி டிக்சன் எழுதி, சிகாகோவில் மட்டி வாட்டர்ஸ் 1962இல் பாடிய 'யூ நீட் லவ்' அதற்குள் இருக்கிறது. டிக்சன் 1915இல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. பிறகு வந்த பதிப்புகளில் அவர் பெயர் சேர்ந்தது. பதினெட்டு வருடம். இதைத் திருட்டு என்று முடித்துவிடலாம். ஆனால் ப்ளூஸ் மரபே ஒருவர் வரியை இன்னொருவர் எடுத்துப் பாடி வளர்ந்ததுதானே என்று கேட்பவர்களும் உண்டு. சரி. பொதுச்சொத்தாக இருந்த வரை அது எல்லோருக்கும் சொந்தம். ராயல்டி என்று வந்த கணத்தில் மட்டும் அது ஏன் நால்வருக்குச் சொந்தமானது?

இங்கே 'ஆல்பம்' என்ற வடிவத்தையும் சந்தேகிக்க வேண்டும். கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்றே மேலாகச் சுழலும் நெடுந்தட்டை 1948இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடம் போல. ராக் அதை அறுபதுகளில் 'படைப்பு' ஆக்கிக்கொண்டது. டிக்சனும் மட்டி வாட்டர்ஸும் உழைத்ததெல்லாம் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறுதட்டுகளில். 'சிறந்த ஆல்பம் எது?' என்று கேட்கும்போதே அவர்களை வாசலில் நிறுத்திவிடுகிறோம்.

நான்கு: ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்' (1970). நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் 1970 புத்தாண்டு நாளன்று பதிவானது. பில்லி காக்ஸ், பட்டி மைல்ஸ், ஹென்ட்ரிக்ஸ் மூவருமே கறுப்பர்கள். 'மெஷின் கன்' பாட்டைச் சிகாகோ, மில்வாக்கி, நியூயார்க் நகரங்களில் சண்டையிடும் வீரர்களுக்கும், அப்புறம் வியட்நாமில் இருப்பவர்களுக்கும் என்று அர்ப்பணித்துவிட்டுத் தொடங்குகிறார். ஊர்களின் வரிசையைக் கவனியுங்கள். தானே பாராசூட் படையில் இருந்தவர். கித்தாரிலிருந்து வரும் அந்தச் சத்தத்தை என்னால் இன்றும் இரவில் தனியாகக் கேட்க முடியவில்லை. ஆனால் இந்தத் தட்டு ஏன் வந்தது? 1965இல், யாருக்கும் தெரியாதவராக இருந்தபோது, ஒரு தயாரிப்பாளரிடம் ஒரு டாலருக்கும் ஒரு சதவீத ராயல்டிக்கும் கையெழுத்துப் போட்டிருந்தார். புகழ் வந்ததும் அந்தத் தாள் திரும்ப வந்தது. அந்தக் கணக்கைத் தீர்க்கக் கொடுத்த ஆல்பம் இது. அவர் உயிரோடிருக்கும்போது வந்த கடைசி ஆல்பமும் இதுதான். பெயர் உறையில் பெரிதாக இருக்கிறது, அடகில்.

மூன்றாவது, பிரேசிலின் 'ட்ரோபிகாலியா' (1968). கூட்டு ஆல்பம்: கயெட்டானோ வெலோசோ, ஜில்பெர்ட்டோ ஜில், கால் கோஸ்டா, டாம் சே, ஓஸ் முட்டான்டெஸ். ஓஸ்வால்ட் ஜி ஆன்ட்ராஜி 1928இல் எழுதிய 'மனிதம் தின்னும் அறிக்கை'யை இவர்கள் ராக்கில் செய்து பார்த்தார்கள்: அந்நியனை விரட்டாதே, விழுங்கிச் செரி. தேசியவாத இடதுசாரி மாணவர்களே மின் கித்தாரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். ராணுவ ஆட்சி கூச்சலோடு நிற்கவில்லை. டிசம்பர் 1968இல் கயெட்டானோவும் ஜில்லும் கைது, பிறகு லண்டன், 1972 வரை. (ஜில் 2003இல் பண்பாட்டு அமைச்சரானார். அது வேறு கதை.)

இரண்டாவதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் பிராகுக்குள் வந்த சில வாரங்களில் மிலான் ஹ்லாவ்சா என்ற பதினேழு வயதுப் பையன் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யுனிவர்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினான். 1970இல் அரசு உரிமத்தைப் பிடுங்கியது. கல்யாண வீடுகளிலும் கிராமத்துக் கொட்டகைகளிலும் வாசித்தார்கள். தடைசெய்யப்பட்ட கவிஞர் ஏகான் பாண்டியின் கவிதைகளுக்கு இசையமைத்து 1974-75இல் ரகசியமாகப் பதிவுசெய்தார்கள். நாடா கடத்தப்பட்டு 1978இல் மேற்கில் வெளியானது. தலைப்பு: 'ஏகான் பாண்டிஸ் ஹாப்பி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'. சார்ஜென்ட் பெப்பரின் முழுத் தலைப்பை நக்கலடித்து, இசைக்குழுவைக் குறிக்கும் சொல்லின் இடத்தில் அதே மாதிரி ஒலிக்கும் 'தடைசெய்யப்பட்டது' என்ற சொல்லை வைத்தார்கள். இதற்குள் 1976 செப்டம்பரில் விசாரணை நடந்தது. நான்கு பேருக்குச் சிறை. குழுவின் வழிகாட்டி இவான் ஜிரூசுக்குப் பதினெட்டு மாதம். நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்த வாட்ஸ்லாவ் ஹாவெலும் மற்றவர்களும் 1977 ஜனவரியில் 'சாசனம் 77'ஐ வெளியிட்டார்கள். அதன் செய்தித் தொடர்பாளர்களில் ஒருவரான நிகழ்வியல் தத்துவவாதி யான் பட்டோச்கா நீண்ட போலீஸ் விசாரணைகளுக்குப் பின் அந்த மார்ச்சில் இறந்துபோனார்.

ஏகான் பாண்டி புனைபெயர். இயற்பெயர் ஸ்பினேக் ஃபிஷர். 1989க்குப் பிறகு ஆவணங்கள் திறந்தபோது, அவர் ரகசியப் போலீசுக்குத் தகவல் கொடுத்தவர் என்று தெரியவந்தது. தலைப்பில் பெயர் உள்ள மனிதர்! இதை அறிந்த பிறகு ஆல்பத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒரு தோழர் சண்டை போட்டார். நான் எடுக்கவில்லை. அதில் வாசித்து உள்ளே போனவர்களின் வருடங்களை யார் எடுப்பது?

தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்த பிறகு ரோலான் பார்த் நமக்கு வீட்டு ஆள் ஆகிவிட்டார். ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதி மட்டுமே உண்டு என்று நாம் எத்தனை பக்கம் எழுதியிருப்போம். பார்த்தின் அந்தக் கட்டுரை முதலில் வெளியானதும் 1967, சார்ஜென்ட் பெப்பர் வந்த அதே ஆண்டு. என் முதலிடத்தில் இருக்கும் ஆல்பத்துக்கு முன்னால் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

'கம்போடியன் ராக்ஸ்'. கம்போடியாவில் ஒரு அமெரிக்கப் பயணி வாங்கிய கேசட்டுகளிலிருந்து எடுத்து 1990களின் நடுவில் நியூயார்க்கின் ஒரு சிறு நிறுவனம் வெளியிட்டது. குறுந்தகட்டில் இருபத்திரண்டு பாட்டு. பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், பாட்டின் பெயர் எதுவும் இல்லை. அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் நாம்பென்னில் சிறுதட்டுகளாக வந்த கெமர் ராக் அது. கித்தார், ஆர்கன், அதன் மேல் ஒரு பெண்குரல் ஏறிப்போய்ச் சட்டென்று உடைந்து இறங்கும். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் நகருக்குள் நுழைந்து சனங்களை வயல்களுக்கு விரட்டியது. பாடகர்கள் பழைய சமூகத்தின் அழுகல் என்று கணிக்கப்பட்டார்கள். 1979 வரையான அந்த ஆட்சியில் சுமார் 17 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு. அவர்களுக்குள் இந்தக் குரல்களும். எங்கே, எந்த நாளில் என்பதற்குச் சான்று இல்லை. அதற்கு முன்பே 1969 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டிருந்தன. கொன்றவர்கள் அழித்த பெயர்களை விற்றவர்களும் தேடிப் போடவில்லை.

பின்னால் கேட்டவர்கள், கெமர் தெரிந்தவர்கள், ஒவ்வொரு குரலாக அடையாளம் சொன்னார்கள். சின் சிசமுத். ரோஸ் செரெய் சொதியா. பான் ரான். யோல் அவுலரோங். கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது என்று கல்வெட்டியல் பாடத்தில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்கு வாசிக்க வராது. ஆங்கில எழுத்தில் பார்த்து, காதில் கேட்டு, தமிழில் இப்படித்தான் வரும் என்று நானே முடிவுசெய்து எழுதினேன். என் கணினியிலும் அந்த ஆல்பம் டிராக் 01, டிராக் 02 என்றுதான் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபத்திரண்டுக்கும் பெயர் மாற்றினேன். உச்சரிப்பு தெரிந்தவர்கள் பிழை இருந்தால் எழுதுங்கள்.